தண்ணீர்ப் போத்தலுக்கு விலை உண்டு, தறப்பாளுக்கு இல்லை

2024 கார்த்திகை மழையில் யாழ்ப்பாணத்து நாவாந்துறைப் பக்கமிருந்து ஒரு அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். ஒழுகும் கூரைக்குப் போடத் தறப்பாள் வாங்கியிருந்தார். முந்தின கிழமை விசாரித்த விலையைப்போல மூன்று மடங்கு கொடுத்திருந்தார். “தம்பி, உந்தக் கடைக்காரனை உள்ளுக்குப் போட ஏலாதோ?” என்று கேட்டார்.

ஏலாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சட்டத்தரணியாக இருக்கும் எனக்கே இது கசப்பான விஷயம். எங்கள் கடைகளைப் பார்ப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். ‘பேரிடர் நேரத்தில் விலையேற்றுதல்’ என்று ஒரு தனிக்குற்றம் அதில் இல்லை. ஒரு பொருளுக்கு அரச வர்த்தமானியில் உச்ச விலை இருக்க வேண்டும், அல்லது பொதியிலே விலை அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் அதைத் தாண்டி விற்பது குற்றம். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் உச்ச விலை 2025 ஏப்ரலில் இருந்து 100 ரூபா. கிணற்றுக்குள் வெள்ளம் போன ஊரில் அதை 150 ரூபாவுக்கு விற்றவரை நீதவான் முன் நிறுத்தலாம். அதே கடையில் முழக்கணக்கில் வெட்டி விற்கும் தறப்பாளுக்கு எந்த விலையும் எழுதியில்லை. அங்கேதான் அறாவிலை பிறக்கிறது.

மறைப்பதைச் சட்டம் நன்றாகவே பிடிக்கும். சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு “முடிஞ்சுது” என்று சொல்வது குற்றம். விற்பனைக்கு வைத்ததைத் தர மறுப்பதும், வழமையான வியாபாரத் தேவைக்கு மேலே பதுக்குவதும், அச்சிட்ட விலையைச் சுரண்டி அழிப்பதும் அப்படித்தான். விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். அந்த அம்மாவிடம் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. கேட்கவே இல்லையாம். மழைக்குள் நின்றுகொண்டு யார் கேட்பார், சொல்லுங்கள்?

கடைக்காரர்களுக்காகவும் நான் நீதிமன்றம் ஏறியிருக்கிறேன், அதனால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021இன் திருத்தத்துக்குப் பிறகு உச்ச விலையை முதற்தடவை மீறும் தனிநபருக்குக் குறைந்த தண்டமே 1 இலட்சம் ரூபா, கூடியது 5 இலட்சம். கம்பனி என்றால் 5 இலட்சத்தில் தொடங்கி 50 இலட்சம் வரை போகும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டாயிரம் மூவாயிரத்தோடு முடியும் என்று நம்பி வந்த ஒரு சிறுகடைக்காரர், என் பக்கத்தில் நின்றே அழுதார். ஒரு போத்தலில் அவர் கூட எடுத்தது 20 ரூபா.

ஆனால் விலை கூடினாலே அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தின் மேல் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் வளர்ந்தவன் நான். தாண்டிக்குளம் வழியாகச் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு, கிளாலிக் கடலை இரவில் உயிரைக் கையில் பிடித்துக் கடந்து வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சவர்க்காரத்துக்குக் கேட்ட விலையில் அவர்களுடைய உயிரின் விலையும் இருந்தது. என் அம்மா ஒரு நாளும் அவர்களோடு பேரம் பேசியதில்லை. தடைக்கு முன்பே வாங்கி அறைக்குள் அடுக்கிய மண்ணெண்ணெயைப் போத்தல் போத்தலாக, நாளுக்கொரு விலையில் விற்றவரும் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார். அவருக்குப் புதிதாக ஒரு சதமும் செலவில்லை, ஆபத்தும் இல்லை. ஒருவர் செலவைச் சொல்லி விலை கேட்டார், மற்றவர் எங்கள் பயத்தைப் பார்த்து விலை வைத்தார். இரண்டாவது ஆளின் கணக்கு எனக்குக் கொள்ளையாகத்தான் தெரிகிறது, சட்டப் புத்தகத்தில் அதற்கு இலக்கம் இல்லாவிட்டாலும்.

எல்லாவற்றுக்கும் வர்த்தமானி போட்டால் தீருமா? 2021 செப்டெம்பரில் அரிசிக்கு உச்ச விலை போட்டார்கள். அதே மாத முடிவில் அதை நீக்க வேண்டி வந்தது. எழுதிய விலைக்கு அரிசி கடைக்கு வராவிட்டால் அந்த விலையை வைத்து என்ன சமைப்பது?

சரி, செய்யக்கூடியது என்ன? பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தராவிட்டால் விலைப்பட்டியலையும் பொதியில் உள்ள விலையையும் தொலைபேசியில் படம் எடுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், எழுத்து முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். வெள்ளம் வடிந்து, வீடு கழுவி, சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்பி வருவதற்குள் அந்த மூன்று மாதம் ஓடிவிடும். அப்படித் தவறிப்போன முறைப்பாடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். தறப்பாள், கயிறு, மெழுகுதிரி, குளோரின் இவற்றை ஐப்பசி பிறக்கும் முன்பே எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கி வைக்கலாம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடிய 2006இல் சங்கக்கடையில் பங்கீட்டு அட்டைக்கு வரிசையில் நின்று சாமான் வாங்கிய ஊர் இது. ஒவ்வொரு சங்கக்கடையிலும் ஐம்பது தறப்பாள் நியாய விலைக்கு இருந்திருந்தால், அந்த அம்மா என்னிடம் வந்திருக்கவே மாட்டார்.