எடை குறைந்தது சரி, குறைந்தது கொழுப்பா தசையா?

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலர் உட்கார்ந்ததும் மொபைலைத் திறந்து கலோரிக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு 900, 1000 என்று சுருக்கியிருப்பார்கள், எடையும் இறங்கியிருக்கும், ஆனால் படியேறினால் கால் தளர்கிறது என்பார்கள். புரதம் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

கலோரியைக் குறைத்தால் எடை குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பற்றாக்குறை வரும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை. தசையிலுள்ள புரதத்தையும் உடைத்துப் பயன்படுத்தும், அதுவும் புரதம் போதாமல், தசைக்கு வேலையும் கொடுக்காமல் இருந்தால் இழப்பு இன்னும் கூடும். வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம், இழந்த தசையைத் திரும்பப் பெறுவது அவர்களுக்குக் கடினம்.

அதனால் உடம்பு அன்றாடம் செலவழிக்கும் கலோரியைவிட 300 முதல் 500 வரை குறைவாகச் சாப்பிட்டாலே போதும் என்பேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது, தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு 3,500, அதாவது அரை கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அப்படியானால் சிலருக்கு முதல் வாரத்திலேயே 3 கிலோ போவது எப்படி? அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்திருக்கும் கிளைகோஜன் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்) கரையும்போது அதோடு சேர்ந்திருக்கும் நீரும் வெளியேறிவிடும்.

புரதம், ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால் நல்லது. 70 கிலோ உள்ளவருக்கு 112 கிராம். இது புரதத்தின் எடை, உணவின் எடையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கும். உடல் பருமன் அதிகமுள்ளவர்கள் எட்ட நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது, இன்சுலின் போடுகிறவர்களும் அவரிடம் சொல்லாமல் உணவைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

அப்புறம் எடைப் பயிற்சி. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. வாரம் 2, 3 நாள் கால், முதுகு, மார்பு, தோள் எல்லாவற்றுக்கும் பளு கொடுங்கள்.

கணக்கில் அடிக்கடி விட்டுப்போவது எண்ணெய், ஒரு மேசைக்கரண்டியே சுமார் 120 கலோரி. கைக்கடிகாரம் காட்டும் 'எரித்த கலோரி'யையும் நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிடாதீர்கள், அது பெரும்பாலும் தோராயம்.

இடுப்புச் சுற்றளவையும், தூக்கும் பளுவையும் குறித்து வாருங்கள். எடை வேகமாக இறங்கி, தூக்கும் பளுவும் வாரா வாரம் குறைந்தால், சாப்பாட்டில் 200 கலோரியைக் கூட்டிப் பாருங்கள்.