ஐந்து அடி, மூன்று ஓய்வு

கல்யாண ஊர்வலங்களில் சைடு டிரம் வாசிக்கும் ஒருவர் போன மாதம் என்னிடம் காது பரிசோதனைக்கு வந்தார். "டிவி சத்தத்தைக் குறைங்கன்னு வீட்ல தினம் சண்டை, மேடம்." ஆடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சல் தின்ற காதுகளில் நான் வழக்கமாகப் பார்ப்பது அதைத்தான்.

அவர் தோளில் மாட்டும் டிரம்முக்குப் பாட்டன் ஐரோப்பியப் படை முரசு. 1589ல் துவானோ ஆர்போ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் (நடனம் கற்பிக்கப் புத்தகம் எழுதிய பாதிரியார்!) அதன் அளவைக் குறித்திருக்கிறார்: ஆழமும் விட்டமும் ஏறக்குறைய இரண்டரை அடி. படை நடக்க அடிக்கும் தாளம் எட்டு எண்ணிக்கை. ஐந்து எண்ணுக்கு முரசில் அடி, மூன்று எண்ணுக்கு ஓய்வு.

நைட்டுகளின் (ஐரோப்பியக் குதிரை வீரர்களின்) போட்டிகளிலும் இந்த முரசுக்கு வேலை இருந்தது. குதிரையில் ஈட்டியோடு மோதும்போது எக்காளம். இடுப்பளவுத் தடுப்புக்கு இருபுறமும் தரையில் நின்று மோதும்போது முரசும் குழலும். 1610 ஜனவரியில் லண்டன் வைட்ஹால் அரண்மனையில் 15 வயது ஆங்கில இளவரசர் ஹென்றி ஆறு தோழர்களோடு 56 பேரை இப்படி எதிர்கொண்டார். அவர் கொடுத்ததும் வாங்கியதுமாக 32 ஈட்டிக் குத்து, சுமார் 360 வாள்வெட்டு. அத்தனையும் இரவில், அரண்மனைக் கூடத்துக்குள்! திறந்த வெளியில் கலைந்துபோகும் ஓசை, நாலு சுவருக்குள் திரும்பத் திரும்ப மோதும். ஷட்டரை இறக்கிவிட்டு ஒத்திகை பார்க்கும் பேண்ட் குழுக்களுக்கும் இதே கதிதான்.

அதே ஆண்டு கிரீனிச்சில், இங்கிலாந்தின் பழைய படைநடைத் தாளத்தை ஹென்றி தன் முன்னால் வாசிக்கச் செய்து ஒழுங்குபடுத்தினார். முரசடிப்பவர்களின் அலட்சியத்தால் அது அதற்கு முன்பே உருமாறி, மறந்தே போகும் நிலைக்கு வந்திருந்ததாக, பிற்பாடு அவர் தம்பி மன்னர் முதலாம் சார்லஸின் ஆணை குறைபட்டுக்கொள்கிறது. காது மந்தமானதும் ஒரு காரணமோ? ஆதாரம் ஏதும் இல்லை, என் தொழில்புத்தி அப்படிக் கேட்கிறது.

சரி, நம் காதுக்கு வருவோம். 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். பக்கத்தில் வைத்து அடிக்கும் சைடு டிரம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். வாசித்து முடித்ததும் காதில் 'ங்ஙொய்' என்று இரைந்தாலோ, பேச்சு பஞ்சுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருந்தாலோ உடனே சோதனைக்கு வாருங்கள். ஒலியை உணரும் உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. பஞ்சு அடைப்பது போதாது. இசைக்காரர்களுக்கென்றே இயர் பிளக் இருக்கிறது. அது எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும்.

"காதை அடைச்சா தாளம் எப்படி மேடம் கேட்கும்?" என்றார் அவர். ஒரு ஜோடியைக் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, என் மேஜையிலேயே இரண்டு பேனாவால் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் தூரமாப் போயிடுச்சு. ஆனா அடி தெரியுது," என்றார், கொஞ்சம் உரக்கவே.