ஸ்கேன் ஆகிவிட்டது என்று நெகட்டிவை எறியாதீர்கள்

போன வாரம் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். அப்பாவின் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டுமாம். திறந்தால், முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் இருக்கிறது, தலைமுடி ஒரே கறுப்புத் திட்டு. நெகட்டிவைக் கொண்டுவரச் சொன்னேன். "அதான் 6400 டிபிஐயில் ஸ்கேன் பண்ணியாச்சே, தூக்கிப் போட்டுட்டோம்" என்றார். இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர்.

ஸ்கேனர் பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். 6400 டிபிஐ என்றால் அங்குலத்துக்கு 6400 புள்ளிகள் பதிவாகும், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளில் விவரம் இருக்குமா என்பதை லென்ஸும் ஃபோகஸும்தான் தீர்மானிக்கின்றன. இப்படிப் போட்டிருக்கும் ஃபிளாட்பெட்கள் (கண்ணாடித் தட்டில் வைத்து எடுக்கும் ஸ்கேனர்கள்) பலவற்றில் நிஜமாகக் கிடைப்பது பாதிகூட இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மிமீ ஃபிலிமில் ஒரு படம் 36க்கு 24 மில்லிமீட்டர். 6400இல் எடுத்தால் கோப்பு சுமார் 55 மெகாபிக்சல். கருவியின் நிஜத் திறன் 1600தான் என்றால் அதற்குள் இருப்பது மூன்றரை மெகாபிக்சல் விவரம். மிச்சமெல்லாம் வெறும் ஊதல். 4000 என்று போட்ட பழைய நிக்கான் கூல்ஸ்கேன் என்ற ஃபிலிம் ஸ்கேனர் ஏறக்குறைய சொன்னதைத் தரும், அதனால்தான் தயாரிப்பு நின்ற பிறகும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்கேன் செய்த படத்தைப் பாதி அளவாகச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்குப் பெரிதாக்கி, முதல் படத்தின் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் தெரியவில்லையா? கூடுதல் டிபிஐயில் ஒன்றும் இல்லை.

நெகட்டிவைச் செருகினால் சில நொடியில் படம் தரும் சின்னப் பெட்டிகளுக்குள் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. எந்தச் சுருளில் என்ன இருக்கிறது என்று பார்க்க அது போதும். கையில் நல்ல கேமரா இருந்தால் அதிலேயே நெகட்டிவைப் படம் பிடிக்கலாம்; 1:1 மேக்ரோ லென்ஸும் (மிக அருகிலிருந்து எடுப்பது) சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95க்கு மேற்பட்ட விளக்குப் பலகையும் வாங்குங்கள், ரா கோப்பாக, அதாவது கேமரா சுருக்காத மூலப் பதிவாக எடுங்கள்.

மென்பொருளில், டிரைவர் கிடைக்காத பழைய ஸ்கேனருக்கு வியூஸ்கேன் கைகொடுக்கும். ஜேபெக் வேண்டாம், விவரம் இழக்காத 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். அப்புறம், கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அகச்சிவப்புத் தூசி நீக்கத்தை (அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். படம் உருவாகியிருக்கும் வெள்ளித் துகளையே தூசி என்று நினைத்துப் படத்தைக் கெடுத்துவிடும். கோடக்கின் பழைய வண்ண ஃபிலிமான கோடாக்ரோம் ஸ்லைடிலும் இதே கவனம் தேவை.

தூசிக்குக் காற்றுப் பம்பு போதும். எச்சில் தொட்டுத் துடைக்காதீர்கள், தயவுசெய்து. பூஞ்சை பிடித்த ஃபிலிமில் தண்ணீர் படவே கூடாது, படமே கரைந்து வந்துவிடும். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; அப்படி ஒரு பெட்டி இருந்தால் அதைத் தனியே பிரித்து வைத்து, வேலையை அதிலிருந்தே தொடங்குங்கள்.