கார்டு என்பது நாணா?

"இடது கையால் உடைந்த நாண்களை வாசிக்கவும்." கீபோர்டு கற்க வரும் பையன் ஒருவன் நீட்டிய தமிழ்க் குறிப்பில் இப்படி ஒரு வரி. அவன் அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. கொலுசும் அரைஞாண் கொடியும் செய்கிற வீட்டுப் பிள்ளை. "உடைஞ்ச நாணைப் பத்தவைப்பாங்க சார், வாசிப்பாங்களா?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். அவன் போனபின் சிரிப்பு வரவில்லை. 'கார்டு' (chord) என்ற ஆங்கில இசைச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாகப் போடும் இந்த 'நாண்' என் வகுப்புக்குள் நுழைவது இது முதல் முறையில்லை. கிடார் பாடக் குறிப்பு, காணொளியின் அடியில் ஓடும் எழுத்து, தேர்வுக்கான கையேட்டின் நகல் என்று ஏதாவது ஒரு வேடத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதிதான் கார்டு. அடிப்படை வடிவத்தில் மூன்று சுரங்கள்: வேர்ச்சுரம், அதிலிருந்து மூன்றாவது, ஐந்தாவது. நம் கணக்கில் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மேஜர் கார்டு. அந்தர காந்தாரத்துக்குப் பதில் சாதாரண காந்தாரம் வைத்தால் மைனர். அரைச்சுரம் ஒன்று இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அறையில் விளக்கைத் தணித்ததுபோல் ஆகிவிடும்.

சொல் பிறந்த கதை சின்னது. ஆங்கிலத்தில் 'ஒத்துப்போதல்' என்ற பொருளில் 'அக்கார்டு' என்று ஒரு சொல் உண்டு. அதன் தலை அறுந்து மிஞ்சியதுதான் 'கார்டு'. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இத்தாலியனிலும் இன்றுவரை தலை அறுபடாமல் அக்கோர், அக்கோர்ட், அக்கோர்தோ என்றே இருக்கிறது. லத்தீனில் வேரைத் தேடினால் இதயம் என்று பொருள்படும் 'கோர்' கிடைக்கிறது. 1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் தான் செய்த துருத்திக் கருவிக்கு அக்கார்டியன் என்று பெயர் வைத்ததும் இதனால்தான். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு கார்டு முழுதாக ஒலிக்கும்.

குழப்பம் எழுத்துக்கூட்டலில் வந்தது. தந்தியையும் குடலையும் குறிக்கும் 'கோர்டா' என்ற வேறொரு லத்தீன் சொல் உண்டு. வடிவியலில் வட்டத்தின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கார்டு' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இசைச் சொல்லும் அதே குடும்பம்தான் என்று பிற்காலத்தில் நினைத்துக்கொண்டவர்கள் இதற்கும் அந்த எழுத்துகளையே மாட்டிவிட்டார்கள். அதனால் வேறு வேறு வீட்டில் பிறந்த இரண்டு சொற்களுக்கு ஒரே சட்டை. நம் மொழிபெயர்ப்பாளர் சட்டையை மட்டும் பார்த்தார். கணக்குப் புத்தகத்தில் அதற்கு 'நாண்' என்று இருந்தது. எடுத்துப் போட்டுவிட்டார்.

வட்டத்தில் 'நாண்' அருமையான சொல், அதில் எனக்குச் சண்டையே இல்லை. வளைந்த பகுதி வில், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோடு நாண். வில்லும் நாணும் சேர்ந்து வரும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் படம் கண்ணில் வந்துவிடுகிறது. சம்ஸ்கிருதக் கணித நூல்களிலும் வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா'தான் வழங்கியது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்து பியானோவின் மேல் கட்டுவதுதான் தாங்கவில்லை.

இதற்கு வக்காலத்து வாங்கியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தந்தி வாத்தியத்தில்தானே எல்லாம் தொடங்கியது? நாண் என்றால் தந்தி. என்ன தப்பு?" தப்பு ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, தந்தி என்ற பொருளே இந்தச் சொல்லில் கிடையாது, மேலே சொன்னேன். சரி, இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். வாத்தியத்தின் தந்திக்குத் தமிழில் பெருவழக்கு நரம்பு. யாழின் நரம்பு என்றுதான் படித்திருக்கிறோம். அந்த நரம்பே பிறகு சுரத்துக்கும் பெயரானது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஏழும் ஏழு நரம்புகள். ஒரு நரம்பு என்றால் ஒரு சுரம். கார்டு என்பதோ பல சுரம். ஆக அந்த வழியில் போனாலும் எதிர்த் திசையில்தான் போய்ச் சேருகிறோம்.

கிடார் வகுப்பில் இது இன்னும் மோசம். கிடாரில் ஆறு கம்பி. "மூன்று நாண்களைக் கொண்டு இந்தப் பாடலை வாசிக்கலாம்" என்று எழுதியிருந்தால், மீதி மூன்று கம்பியைக் கழற்றிவிடுவதா என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதானே?

கார்டுகளின் தலைகீழாக்கத்துக்கு வந்தால் 'நாண்' மொத்தமாக அறுந்துவிடும். ச-க-ப என்று இருப்பதை க-ப-ச என்றோ ப-ச-க என்றோ அடியில் வேறு சுரத்தை வைத்து வாசித்தாலும் வேர் ஷட்ஜம்தான், கார்டு அதேதான். பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான்-பிலிப் ராமோ 1722இல் வெளியிட்ட ஒத்திசை நூலின் அடித்தளமே இந்தக் கருத்து. உயர்நிலைத் தேர்வெழுதும் மாணவர் பாதி நேரம் செலவழிப்பதும் இதில்தான்: நான்கு குரலுக்கு எழுதிய பகுதியில் அடிக்குரலில் எந்தச் சுரம், வேர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். 'நாணின் முதல் தலைகீழ்' என்று எழுதிக் கொடுத்தால் எதைத் தேடுவார்? கயிற்றைத் தலைகீழாகப் பிடித்தாலும் கயிறுதான். உள்ளே இருப்பவர்கள் இடம் மாறி உட்கார்கிறார்கள் என்ற கருத்து அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை.

தமிழிலேயே நாணுக்கு இரண்டு பொருள் உண்டு, கயிறும் வெட்கமும். வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் மரப்பாவையைச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தெரிந்து வைத்தார். தெரியாமல் வைப்பவர்களைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பையன் நீட்டிய அந்தக் குறிப்பை இன்னும் புரட்டினேன். வயிறு எரிந்தது. சுரத்துக்குக் 'குறிப்பு'. சுர வரிசையான ஸ்கேலுக்கு 'அளவுகோல்'. அரைச்சுரம் இறங்கிய ஃப்ளாட்டுக்குத் 'தட்டை'. பாட்டின் ஆதார சுருதியைச் சொல்லும் கீ என்பதற்குச் 'சாவி'! "தட்டை பி சாவியில் உள்ள குறிப்புகள்" என்று ஒரு வரி. தட்டையும் சாவியும் தொலைந்துபோனதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த புகார் மாதிரி இருக்கிறது. ஆர்மோனியம் வந்த நாளிலிருந்து நம் பாடகர்கள் அந்தக் கீயைக் கட்டை என்கிறார்கள். சி என்றால் ஒரு கட்டை, சி ஷார்ப் ஒன்றரைக் கட்டை, ஜி ஐந்து கட்டை. கோயில் திருவிழாக் கச்சேரி மேடையில் போய்க் கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. அங்கே ஸ்டுடியோ ஓடிய காலத்தில் வாத்தியக்காரர்கள் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்! அவர்கள் வாயில் புழங்கிய சொல்லைக் கேட்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போடுகிறவர்களை மொழிபெயர்ப்பாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் கார்டு என்றே விட்டுவிடலாமே என்பார்கள். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். எழுத்தில் சிக்கல். ரேஷன் கடையில் நீட்டுவது கார்டு. சேலம் ஜங்ஷனில் ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடி அசைப்பவருக்கும் 2022 வரை கார்டு என்றுதான் பெயர். தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்று.

சொற்பிறப்பைப் பார்த்தால் 'இசைவு'தான் அச்சாகப் பொருந்துகிறது. இசைதல் என்றால் உடன்படுதல், அக்கார்டு என்பதும் அதுவே. இசை என்ற பெயரையே அந்த வினையோடு வைத்துக்கொண்டிருக்கும் மொழி நம்முடையது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உரசி ஒலிக்கும் டிமினிஷ்டு என்ற வகைக் கார்டை வாசித்துக் காட்டி இதுவும் இசைவு என்றால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். தவிர, பழைய இசைமரபில் நரம்புகளுக்குள் இணை, கிளை, பகை, நட்பு என்று நான்கு உறவு சொன்னார்கள். ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. இன்றைய கார்டு நிற்பதோ மூன்றாவதை நடுவில் வைத்துத்தான். பகையையும் உள்ளே உட்கார வைக்கிற ஒரு சொல் வேண்டும். 'இயைபு' நல்ல சொல், ஆனால் அதை யாப்பிலக்கணம் தொடைக்கு எடுத்துக்கொண்டது.

நான் எழுதுவது 'சுரக்கூட்டு'. ஒத்துப்போகிறதா என்று அது கேட்பதில்லை, கூடியிருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. முச்சுரக்கூட்டு, ஏழாம் சுரக்கூட்டு என்று நீட்டலாம். பஞ்சமத்தை வேராக வைத்து ப-நி-ரி-ம என்று நான்கு சுரம் வந்தால் அது பஞ்சம ஏழாம் கூட்டு; சி ஷட்ஜமானால் கீபோர்டுக்காரர்கள் சொல்லும் ஜி செவன். ஆங்கிலத்தில் இது 'டாமினன்ட் செவன்த்'. 'ஆதிக்க ஏழாம் நாண்' என்று இதற்கும் ஒரு பெயரைப் பார்த்தேன், யாரை யார் ஆள்கிறார்களோ தெரியாது. சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பது பிரிகூட்டு; குறிப்பில் 'உடைந்த நாண்' என்றிருந்தது இதுதான். உடையவும் வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம்.

ஏற்காட்டில் தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடும் என் மாணவி ஒருத்திக்கு இந்தச் சொல் உடனே பிடித்துவிட்டது. பாமாலைப் பாட்டை நான்கு குரலில் பிரித்துப் பாடிப் பழகியவள். அவளுக்குக் கூட்டு என்றால் என்ன என்று விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிப் பட்டறைப் பையனுக்கு விளக்க வேண்டியிருந்தது. கூட்டு என்றதும் பூசணிக்காய் ஞாபகம் வந்துவிட்டதாம். தலைகீழாக்கத்தை மூன்று முறை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "தட்டுவடை செட்டுங்க சார்" என்றான், இரண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்துத் தரும் எங்கள் சேலத்துத் தீனியை நினைத்து. "பீட்ரூட் கீழ இருந்தாலும், வெங்காயம் கீழ இருந்தாலும், காரச் சட்னி எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே வாயில போட்டா செட்டுதான?"

இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. பலகையில் நான் சுரக்கூட்டு என்றுதான் எழுதுகிறேன். அவன் நோட்டில் 'ஜி செவன் செட்' என்று இருக்கிறது. சிவப்பு மையை எடுத்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன்.