கடப்பாரை போட்டுத் தூக்கும் கொக்கி

கோடை வந்துவிட்டால் அமெரிக்க, கனடா நெடுஞ்சாலைகளில் பிக்கப் டிரக்குகளின் பின்னால் சக்கரம் வைத்த வீடுகள் கிளம்பிவிடும். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள ட்ராவல் டிரெய்லர்கள். 2, 3 டன் எடை சர்வசாதாரணம். டிரக்கும் டிரெய்லரும் சேரும் இடத்தில் குனிந்து பார்த்தால், டிரெய்லரின் முனை வந்து உட்காரும் கொக்கிப் பந்தின் இருபுறமும் இரண்டு கனத்த எஃகுத் தண்டுகள் பின்னோக்கி நீண்டு சங்கிலியில் தொங்குவதைக் காணலாம். இதுதான் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், அதாவது எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி. பெயரைக் கேட்டால் எடையைக் குறைத்துவிடும் சாதனம் போலத் தோன்றும். ஒரு கிலோகூடக் குறைக்காது.

இதில் பாதி விஷயம் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஆகிவிட்டால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். டிரெய்லருக்கும் கொஞ்சம் முன்பாரம் வேண்டும்: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். அதற்குக் கீழே போனால், வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

சிக்கல் இங்கேதான். மாட்டின் கழுத்து வண்டிக்கு முன்னால் இருக்கிறது. டிரக்கின் கொக்கியோ பின்சக்கரங்களையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 3,000 கிலோ டிரெய்லர், கொக்கியில் 360 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரக்கின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர். பின் அச்சிலிருந்து கொக்கி 1.4 மீட்டர் தள்ளி. பின் அச்சை நடுவாகக் கொண்டு டிரக் ஏற்றப்பலகை (சீசா) ஆகிவிடும். வால் தாழ, தலை எழும்பும். முன் அச்சு 140 கிலோவை இழக்கிறது. அதுவும் கொக்கியின் 360 கிலோவும் சேர்ந்து 500 கிலோ பின் அச்சின் தலையில் விழுகிறது. திருப்புவதும், பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்சக்கரங்கள். அவைதான் தரையை லேசாகப் பிடிக்கின்றன. முகப்பு விளக்கும் நிமிர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

பலர் இந்த இடத்தில் பின்பக்கத்துக்குக் காற்றுப்பை ஸ்பிரிங் வாங்கி மாட்டுகிறார்கள். வண்டி பார்வைக்குச் சமமாக நிற்கும். ஆனால் முன் அச்சு இழந்த 140 கிலோ திரும்பி வந்திருக்காது. தூரமும் எடையும் மாறாதவரை, பின்பக்கத்தை எவ்வளவு உயர்த்தினாலும் ஏற்றப்பலகையின் கணக்கு அப்படியேதான் இருக்கும். மட்டம் வேறு, பாரம் வேறு.

சரி, தண்டுகள் என்ன செய்கின்றன? டிரக்கின் பின்புறத்தில் இரண்டு கடப்பாரைகளைச் செருகி, மறுமுனைகளை இரண்டு பேர் மேலே தூக்குவதாக நினைத்துப் பாருங்கள். டிரக்கின் வால் எழும்பும், மூக்கு தரையில் அழுந்தும். இப்போது அந்த இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். டிரெய்லரின் சட்டத்தின் மேல். எனவே அவர்கள் தூக்கும் விசையின் எதிர்விளைவில் ஒரு பகுதி டிரெய்லரின் அச்சுகளுக்குப் போகும். அந்த ஆட்களின் வேலையைத்தான் சங்கிலிகள் செய்கின்றன. தண்டுகள் கொக்கித்தலைக்குள் இடவலமாகத் திரும்பும், மேல்கீழாகத் திரும்பாது. வளைவில் தடையின்றித் திரும்பவும், நேர்சாலையில் நெம்பவும் முடிவது அதனால்தான்.

தண்டின் நீளம் 75 செ.மீ., டிரெய்லர் அச்சுகள் பந்திலிருந்து 5 மீட்டர் தள்ளி என்றால், முன் அச்சு இழந்ததை முழுதும் மீட்க ஒவ்வொரு சங்கிலியும் ஏறக்குறைய 260 கிலோ விசையில் இழுக்க வேண்டும். அப்போது பின் அச்சின் கூடுதல் பாரம் 500-இலிருந்து 281 கிலோவாக இறங்கும். 79 கிலோ டிரெய்லரின் சக்கரங்களுக்கே திரும்பிப் போகும். கூட்டிப் பாருங்கள், அதே 360.

அப்படியானால் முழுதும் மீட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு முரண். முன்பக்கம் அழுந்தி, பின்பக்கம் தேவைக்கு மேல் லேசானால், அவசரத்தில் ஸ்டியரிங்கை வெட்டும்போது பின்சக்கரங்கள் முதலில் பிடியை விட்டுவிடக்கூடும். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 இழுவைச் சோதனை முறை முன் அச்சின் இழப்பில் பாதியை மட்டும் மீட்டால் போதும் என்கிறது. நம் கணக்கில் 70 கிலோ. இதை அளக்க எடைமேடை கட்டாயமில்லை. ஒரு அளவுநாடா போதும். டிரெய்லர் இல்லாமல், மாட்டியபின், தண்டுகளை இறுக்கியபின் என மூன்று முறை முன்சக்கர வளைவின் உயரத்தைப் பார்க்க வேண்டும். 4 செ.மீ. எழும்பியிருந்தால் 2 செ.மீ. இறங்கும்வரை சங்கிலிக் கண்ணியை மாற்றினால் சரி. எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதற்கு அதன் கையேடே கடைசிச் சொல். இதைப் பொருத்தவே கூடாது என்னும் வண்டிகளும் உண்டு.

ஐரோப்பாவில் இந்தத் தண்டுகளை அவ்வளவாகப் பார்க்க முடியாது. அங்கே கேரவன்களின் கொக்கிப் பாரமே பெரும்பாலும் 100 கிலோவுக்குள். அதற்கு ஈடாக வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள்.

டிரெய்லரின் வாலாட்டத்தை இந்தக் கொக்கி தானாக நிறுத்திவிடாது. அதற்கு உராய்வுத் தடுப்பு தனியாகவோ, சில வகைகளில் தண்டுகளோடு சேர்ந்தோ வரும். கழற்றும்போது மட்டும் அவசரம் ஆகாது. இறுகிய தண்டில் பெரும் விசை காத்திருக்கிறது. சங்கிலியைத் தளர்த்தும் நெம்பியைக் கைவிட்டால், டிரெய்லர் சட்டத்தில் சங்கிலியைப் பிடித்திருக்கும் தாங்கி கையை உடைத்துவிடும். பந்திலிருந்து கழற்றாமலே முன்ஜாக்கியைச் சுற்றி டிரெய்லரின் மூக்கையும் டிரக்கின் வாலையும் சேர்த்து உயர்த்தினால், சங்கிலி தானாகவே தளர்ந்து கைக்கு வரும்.