பழைய தோட்ட டிராக்டருக்குக் குளிரைவிடத் தண்ணீர்தான் எமன்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஃபோன் ஓயாது. "போன வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு, இப்ப கியரே விழ மாட்டேங்குது" என்பார் ஒருவர். "பேட்டரி புதுசு, ஆனா ஸ்டார்ட் ஆகலை" என்பார் இன்னொருவர். ஒண்டாரியோவில் பேரி, ஒரிலியா பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாவைத் தாண்டி வரும் காற்று அதன் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஒரே ராத்திரியில் முழங்கால் அளவுக்குப் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். கொஞ்சம் பெரிய இடமாக வேண்டும் என்று டொராண்டோ, பிராம்ப்டனிலிருந்து இங்கே குடிவந்த நம்மவர்கள் பலர், முதல் குளிர்காலத்திலேயே மண்வெட்டி பிடித்து இடுப்பு ஒடிந்து, யாரோ விற்கும் பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள்.

வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். வீல் ஹார்ஸ் வண்டி, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த கப் கேடட், 1963-இல் வந்த ஜான் டியர் 110 எல்லாமே உழைக்கவென்றே செய்த வண்டிகள். அந்தக் காலத்து வண்டிகள் நிறையவற்றில் இருப்பது கோலர் நிறுவனத்தின் கே வரிசை எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், ஒற்றை சிலிண்டர். கே241 என்றால் 10 குதிரைத்திறன், கே301 என்றால் 12, கே321 என்றால் 14. இன்றைக்குக் கடையில் நிற்கும் தகர பாடி புல்வெட்டி வண்டிகளை இவற்றின் பக்கத்தில் நிறுத்தவே கூடாது.

இந்த இரும்பைக் குளிர் ஒன்றும் செய்துவிடாது. எங்களிடம் வரும் குளிர்காலக் கேஸ்களில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது தண்ணீர். போகக் கூடாத இடத்துக்குப் போய், அங்கேயே உறைந்த தண்ணீர்.

முதலில் கியர் பெட்டி. பழைய வண்டிகளில் கியர் லீவர் பெட்டிக்குள் நேராக இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். ஐம்பது வருட வெயிலில் அது வெடித்துக் கிழிந்திருக்கும். கோடை முழுக்க வண்டி வெளியே நின்றால் மழைநீர் லீவர் வழியே சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கிவிடும். கோடையில் வண்டி ஓடும்போது இரண்டும் கலந்து எப்படியோ ஓடிவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. பனி விழுந்ததும் அடித்தண்ணீர் கட்டியாகிக் கீழே உள்ள பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கியர் விழாது, அல்லது சக்கரம் சுற்றாது. அந்த நேரத்தில் கிளட்சை வெடுக்கென்று விட்டு வண்டியை உலுக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் காரியம். உடைந்த பல்லோடு வண்டி என்னிடம் வருவது அதனால்தான்.

அக்டோபரில், உறைபனிக்கு முன்பே, இதைப் பாருங்கள். வண்டி ஒரு நாள் அசையாமல் நிற்கட்டும். பிறகு பெட்டியின் அடியில் எண்ணெய் வடிக்கும் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தாலோ, வரும் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். எந்த எண்ணெய் என்பதை அந்த வண்டியின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கப் கேடட்காரர்கள் ஹை-டிரான் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் அது அடியில் தங்கவிடாமல் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். அதற்காக மாற்றவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே உறைந்துவிட்டதா? வண்டியைச் சூடான இடத்தில் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வையுங்கள். கேஸ் டார்ச் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எஞ்சின் ஆயில். கே வரிசை ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். எஞ்சின் சுற்றும்போது அது எண்ணெயை அடித்துத் தெளிக்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. கோடையில் ஊற்றிய எஸ்ஏஇ 30 எண்ணெய் மைனஸ் 20 டிகிரியில் தேன்பதத்துக்கு வந்துவிடும், தெறிக்காது. ராட் அலுமினியம். எண்ணெய் கிடைக்காமல் கொஞ்ச நேரம் வேகமாகச் சுற்றினாலே அது தாங்காது. குளிருக்கு 10டபிள்யூ-30, கடுங்குளிர் என்றால் 5டபிள்யூ-30. ஸ்டார்ட் ஆனதும் உடனே ஆக்சிலரேட்டரை ஏற்றாமல், சில நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள்.

இங்கேயும் தண்ணீர் உண்டு. எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயுவோடு நீராவியும் கொஞ்சம் கிராங்க் கேஸ் என்னும் அடிப்பெட்டிக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது பிரீதர் என்னும் காற்றுக்குழாய் வழியே வெளியேறிவிடும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் உள்ளேயே படிந்து ஆயில் வெளுத்துப்போகும், சில சமயம் பிரீதர் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளழுத்தம் ஏறி ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளும். தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுவது வண்டிக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. இந்த எஞ்சினுக்கு அது கெடுதல். ஓட்டினால் அரை மணி நேரமாவது வேலை கொடுத்து ஓட்டுங்கள், இல்லையென்றால் சும்மா விட்டுவிடுங்கள்.

பேட்டரிக்கும் இதே கதைதான். மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியிலிருந்தே ஏறத்தாழ பாதி பலம்தான் கிடைக்கும். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரியின் அமிலம் மைனஸ் 60 வரை போனாலும் உறையாது. சார்ஜ் தீர்ந்தால் அமிலம் நீர்த்துப்போய், மைனஸ் 10-ஐ எட்டும் முன்பே உறைந்துவிடும். வயிறு உப்பிய பேட்டரியை ஒருபோதும் சார்ஜரில் போடாதீர்கள், வெடிக்கும். வண்டி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக இருந்து பெல்ட்டில் சுற்றும் மாடல் என்றால் பெல்ட் இறுக்கத்தையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது கிளட்சை மிதித்துக்கொள்வது நல்லது, கெட்டியான கியர் ஆயிலைக் கலக்கும் பாரம் ஸ்டார்ட்டர் மேல் விழாது. ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயை அது கழுவிவிடும்.

பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். இழுத்த தண்ணீர் அளவு மீறினால் பிரிந்து கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தங்கி உறையும். டேங்க்கை நிரப்பியே வையுங்கள், சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் வால்வை மூடிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஸ்னோ புளோவர் வீசும் பனித்தூள் காற்றில் திரும்பி வந்து எஞ்சின் மேலே விழும். சூட்டில் உருகி, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பியிலும், உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலின் அச்சிலும் வழியும். வண்டியை அப்படியே ஷெட்டில் விட்டுவிட்டுப் போனால் ராத்திரியில் அது கண்ணாடிபோல மெல்லிய பனிக்கட்டியாகி, கார்புரேட்டரின் திராட்டிலைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் அலறும். நிமிடத்துக்கு 3600 சுற்றோடு நிறுத்தியிருக்க வேண்டிய கவர்னரால் கம்பியை அசைக்க முடியாது. ராட் முறிந்து பிளாக்கில் ஓட்டை விழுந்த எஞ்சின்களைக் கழற்றியிருக்கிறேன், அதை ஒட்டவைக்க வழியே இல்லை. ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கவர்னரின் நெம்புகோலை விரலால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போய்வர வேண்டும். சாவியை உடனே அணைக்கக் கை தயாராக இருக்கட்டும். வேலை முடிந்ததும், எஞ்சின் சூடு இருக்கும்போதே, கம்பிகளைச் சுற்றி ஒரு பிரஷ் போட்டு பனியைத் தட்டிவிடுங்கள். ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். நனைந்த பேப்பர் ஃபில்டர் உறைந்தால் காற்று போகாது.

ஒரு விஷயம் மட்டும் தண்ணீர் சம்பந்தப்படாதது. இலையுதிர் காலத்தில் எலிகள் எஞ்சின் ஃபேன் கவருக்குள் கூடு கட்டும். காற்றால் குளிரும் எஞ்சின் இது. சூட்டை வெளியேற்றும் ஃபின்கள் அடைபட்டால் வெளியே மைனஸ் 15 இருந்தாலும் சூடேறி எரிந்துவிடும். தகரத்தைக் கழற்றிப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை.

பின்சக்கரத்துக்குச் செயினும் எடையும் இல்லாமல் பிளேடால் பனியைத் தள்ள முடியாது. டயருக்குள் திரவம் ஊற்றி எடை ஏற்றுகிறவர்கள் வெறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், உறைந்துவிடும். உறையாமல் இருக்கக் கலக்கும் கால்சியம் குளோரைடு ரிம்மைத் தின்னும். பீட்ரூட் சாற்றிலிருந்து செய்த திரவம் விலை கூடுதல்தான், ஆனால் துருப்பிடிக்காது.

இந்த வண்டிகள் நிறையவற்றில் சீட் ஸ்விட்ச் கிடையாது. இறங்கினாலும் புளோவர் சுற்றிக்கொண்டே இருக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரப்பனிதான் புளோவரின் பனி வீசும் குழாயில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் புளோவருக்கு எஞ்சின் விசையைக் கொடுக்கும் பிடிஓவை அணைத்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எல்லாம் நின்றதும் ஒரு கட்டையால் குத்துங்கள். அணைத்த பிறகும் கை போகக் கூடாது. முறுக்கிய பெல்ட்டில் தேங்கிய விசை, அடைப்பு விலகியதும் ஆகரை, அதாவது பனியை வாரும் திருகை, வெடுக்கென்று சுற்றிவிடும். விரல் போக அது போதும். மற்ற பாகங்களைக் காப்பாற்றத் தான் முதலில் உடையும் ஷியர் போல்ட் உடைந்தால், போட வேண்டியது அதே ரக போல்ட்தான். 'கடினமானது போட்டால் உடையாதே' என்று கேட்பவர்களுக்கு, உடைவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள் என்பதே பதில்.

கடைசியாக காராஜ். கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே எஞ்சினைச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, வீட்டோடு ஒட்டிய காராஜ் என்றால் அது மேல்மாடிப் படுக்கையறை வரைக்கும் போகும். ஒண்டாரியோவில் அப்படிப்பட்ட வீட்டுக்கு அலாரம் வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வண்டியை வெளியே தள்ளி, அங்கே ஸ்டார்ட் செய்து, அங்கேயே சூடாக்குங்கள். மைனஸ் 25-இல் இது கடினம் என்று சொல்பவர்களுக்கு, காந்தத்தில் ஒட்டும் ஆயில் ஹீட்டர் கிடைக்கிறது. அடித்தட்டு இரும்பாக இருந்தால்தான் ஒட்டும், அலுமினியம் என்றால் ஒட்டாது. முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பக்கத்தில் பெட்ரோல் கேன் வைக்கக் கூடாது, சொருகிவிட்டு மறந்துபோகவும் கூடாது.