வாழ்நாள் சான்று: தனியாக இருப்பவர்கள் வீட்டிலிருந்தே கொடுக்கலாம்

டிசம்பர் கடைசியில் வரவேண்டிய பென்ஷன் வரவில்லை என்பதை எங்கள் மாடி வீட்டுப் பெரியம்மா என்னிடம் சொன்னது ஜனவரி இரண்டாம் வாரத்தில். வயது 83. கணவர் மத்திய அரசில் வேலை பார்த்தவர்; அவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் வருகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். அக்டோபரில் கால் பிசகியதிலிருந்து படி இறங்குவதே இல்லை. "நவம்பர்ல சர்ட்டிபிகேட் கொடுக்கணும்னு தெரியும்பா. பொங்கலுக்குப் பையன் வருவான், அவனோட போய்க்கலாம்னு இருந்துட்டேன்" என்றார். பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது, பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது.

மனசு கேட்கவில்லை. ஏனென்றால் அவர் பையனுக்காகக் காத்திருந்திருக்கவே வேண்டாம். படி இறங்கியிருக்கவும் வேண்டாம். வீட்டுக்கே ஆள் வந்து சான்று எடுத்துப்போக வழி இருக்கிறது. தனியாக இருக்கும் பலருக்கும் இது தெரிவதில்லை என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஓய்வூதியம் என்பது வாழும் காலம்வரை வரும் பணம். அதனால் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கு ஒருமுறை பென்ஷன் வழங்கும் வங்கிக்கோ அலுவலகத்துக்கோ உறுதி சொல்ல வேண்டும். அதுதான் வாழ்நாள் சான்று. பேச்சுவழக்கில் லைஃப் சர்ட்டிபிகேட். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு இதற்கான மாதம் நவம்பர், 1 முதல் 30 வரை. 80 வயதானவர்களுக்கு அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்று சலுகை உண்டு. அக்டோபரில் கொடுத்தாலும் அது அடுத்த ஆண்டு நவம்பர் 30 வரை செல்லும். முன்கூட்டிக் கொடுத்ததால் ஒரு மாதம் குறைந்துவிடாது. மழைக்காலத்துக்கும் வங்கிக் கூட்டத்துக்கும் முன்பே முடித்துக்கொள்ள இது நல்ல ஏற்பாடு.

தனியார் கம்பெனியில் வேலை பார்த்து வருங்கால வைப்பு நிதியிலிருந்து இபிஎஸ் 95 பென்ஷன் வாங்குபவர்களுக்கு நவம்பர் கணக்கு கிடையாது. ஆண்டில் எந்த நாளிலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். அந்தத் தேதியை நீங்களே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிரமம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு 'நேர்காணல்' என்று தனி முறையும் தனிக் காலமும் உண்டு. உங்கள் மாதம் எது என்பதைக் கருவூலத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும் முதியோர் உதவித்தொகை முற்றிலும் வேறு திட்டம். இங்கே சொல்வதை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, வெளியே போக முடியாதவர் என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த வழி தபால்காரர். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் சேவை இது. உங்கள் பென்ஷன் எந்த வங்கியில் வந்தாலும் பரவாயில்லை, அவர்களிடம் கணக்கு வைத்திருக்கத் தேவையில்லை. உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரிடம் வாயால் சொன்னாலே போதும். இல்லையென்றால் பக்கத்துத் தபால் நிலையத்துக்கு யாரையாவது அனுப்பிச் சொல்லலாம். அவர் போனும் விரல்ரேகைக் கருவியும் எடுத்துக்கொண்டு வருவார். ஆதார் எண், பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண், போன் எண் ஆகிய நான்கையும் தயாராக வைத்திருக்க வேண்டும். பிபிஓ என்பது பென்ஷன் வழங்கச் சொல்லி அரசு தந்த உத்தரவு. அதன் எண் உங்கள் பென்ஷன் புத்தகத்தில் இருக்கும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு இந்த வீட்டுச் சேவைக்குக் கட்டணம் வரியோடு 70 ரூபாய். ஒரு ஆட்டோவில் போய்வரும் செலவைவிடக் குறைவு.

இப்படி எடுப்பதற்குப் பெயர் ஜீவன் பிரமாண். 2014 நவம்பர் 10 அன்று தொடங்கப்பட்ட மின்னணு வாழ்நாள் சான்று. காகிதம் எதுவும் வங்கிக்குப் போவதில்லை. ஆதாரில் உள்ள விரல்ரேகையோ கண்ணோ முகமோ உங்களுடையதுதான் என்று ஒத்துப்போனால், சான்று தானாக உருவாகி பென்ஷன் வழங்கும் இடத்துக்குப் போய்ச்சேரும். அந்த வங்கியில் உங்கள் ஆதார் எண் ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும் என்பது மட்டும் முன் நிபந்தனை.

பெரியம்மாவுக்கு விரல்ரேகை விழவில்லை. ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கை. கட்டைவிரலில் ரேகையே மழுங்கிப்போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கருவி சிவப்பாக மின்னியது. தபால்காரர் பொறுமையான மனிதர். "அம்மா, வெந்நீர்ல கையைக் கழுவி, நல்லாத் துடைச்சுட்டு வாங்க" என்றார். வறண்ட விரலில் ரேகை விழாது, ஈரமாக இருந்தாலும் விழாது. கழுவித் துடைத்து, ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக முயன்றும் பலிக்கவில்லை. பத்து விரலில் எது விழுந்தாலும் போதும் என்பதால், ஒரே விரலைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசியில் முகம் காட்டித்தான் முடிந்தது. முகம் வைத்துச் சரிபார்க்கும் முறை 2021 நவம்பரில் வந்தது. இதற்குத் தனிக் கருவி வேண்டாம், சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும். போனில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு செயலிகளையும் பிளே ஸ்டோரிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். போன் வைத்திருப்பவர் முதல் தடவை தன் ஆதாரைக் கொண்டு தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். அவர் பென்ஷன்தாரராகவோ உறவினராகவோ இருக்க வேண்டியதில்லை. ஒருமுறை பதிந்துவிட்டால் அதே போனில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை ஒன்று தெருவில் தனியாக இருக்கும் எல்லாருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இதில் ஒரு சின்ன விஷயம். எதிரே இருப்பது போட்டோ அல்ல, உயிருள்ள ஆள் என்று தெரிந்துகொள்வதற்காகக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் செயலி. பெரியம்மாவோ ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துப் பழகியவர்; இமைக்காமல், மூச்சையும் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை தவறியது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காரவைத்து, "கண்ணைச் சிமிட்டுங்க பெரியம்மா" என்றதும் உடனே எடுத்துக்கொண்டது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுப் பக்கமிருந்து வரக்கூடாது. இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி சிக்கல் தீரும்.

இனி எல்லாரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். சான்று உருவானதும் பிரமாண் எண் என்று ஒன்று போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். அது வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். முடியவில்லை. அந்த எண்ணுக்கு அர்த்தம், ஆதார் ஒத்துப்போனது என்பது மட்டும்தான். பிபிஓ எண்ணிலோ கணக்கு எண்ணிலோ ஓர் இலக்கம் தப்பாக அடித்திருந்தாலும், பென்ஷன் வழங்கும் இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் சான்று உருவாகத்தான் செய்யும். ஆனால் வங்கி அதை ஏற்காது. நீங்கள் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பீர்கள், டிசம்பரில் பணம் நின்றுபோகும். அதனால் சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் இணையதளத்தில் பிரமாண் எண்ணைப் போட்டு, ஏற்கப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிராகரித்திருந்தால் சரியான விவரத்தோடு புதிதாக இன்னொன்று எடுக்க வேண்டும். இன்னொன்று: சொந்த ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் இரண்டும் வாங்குபவருக்கு பிபிஓ எண் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சான்று எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது சகஜமாக நடக்கிறது.

போன் எண் கேட்கும்போது, அந்த நேரத்தில் கையில் இருக்கும் போனின் எண்ணைக் கொடுங்கள். வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி அங்கே போகும், அவர் மீட்டிங்கில் இருப்பார், தபால்காரர் இங்கே காத்திருப்பார்.

ஆதார் வழி ஒத்துவராதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 70 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், நாள்பட்ட நோயால் அவதிப்படுபவர்கள் ஆகியோருக்கு வீட்டிலேயே சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அந்தச் சேவைகளின் பட்டியலில் வாழ்நாள் சான்று வாங்குவதும் இருக்கிறது. கிளைக்குப் போன் செய்து, "என்னால் வர முடியாது, வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை, கேட்க வேண்டிய விஷயம் அது. கட்டணம் இருந்தால் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய காகிதப் படிவமும் இன்னும் செல்லும். கெசட்டட் அதிகாரி, தாசில்தார், காவல் நிலையப் பொறுப்பிலுள்ள உதவி ஆய்வாளர், போஸ்ட் மாஸ்டர், ஊராட்சித் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் போன்றவர்களில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், மத்திய அரசு ஓய்வூதியர் வங்கியில் நேரில் நிற்க வேண்டியதில்லை. வேறொருவர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எந்தக் கிளையிலிருந்து பென்ஷன் வருகிறதோ அங்கேதான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை, அதே வங்கியின் எந்தக் கிளையிலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்ததும் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுப்பது வங்கியின் கடமை. எனக்குத் தெரிந்த ஒருவர் படிவத்தைக் கவுண்ட்டரில் நீட்டிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டார். படிவம் எங்கோ தொலைந்தது. கொடுத்தேன் என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

மறுமணம் செய்துகொண்ட குடும்ப ஓய்வூதியர்களும், ஓய்வுக்குப் பிறகு மீண்டும் வேலையில் சேர்ந்தவர்களும் ஜீவன் பிரமாண் எடுக்க முடியாது. அவர்கள் காகித முறையில்தான் கொடுக்க வேண்டும்.

காலம் தவறிவிட்டால்? பென்ஷன் நிற்கும், ஆனால் போய்விடாது. சான்றைக் கொடுத்ததும் மறுபடி தொடங்கும், நின்ற மாதங்களின் நிலுவையும் சேர்ந்து வரும். பெரியம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. ஆகவே பதறி யாரிடமும் கடன் வாங்குவதற்கு முன்னால், அன்றைக்கே தபால்காரரைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஓர் எச்சரிக்கை. இதை எழுத வேண்டியிருப்பதே வேதனை. "உங்க லைஃப் சர்ட்டிபிகேட் முடிஞ்சுபோச்சு, ஓடிபி சொல்லுங்க, புதுப்பிச்சுத் தர்றோம்" என்று போனில் பேசி முதியவர்களின் கணக்கையே துடைத்தெடுக்கும் கும்பல்கள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற தேதி, பிபிஓ எண் எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதனால் நம்பிக்கை வந்துவிடுகிறது. எந்த பென்ஷன் அலுவலகமும் போனில் சான்று புதுப்பிப்பதில்லை. ஆனால் தபால்காரர் வரும்போது அவரும் ஓடிபி கேட்பாரே என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான்: நீங்கள் கூப்பிட்டு வந்தவர், உங்களுக்குத் தெரிந்த முகம், எதிரில் உட்கார்ந்திருக்கிறார், வந்த குறுஞ்செய்தியைப் படித்தால் அதில் ஜீவன் பிரமாண் என்று இருக்கிறது. அப்படியென்றால் சொல்லலாம். போனில் கேட்டால் யாராக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமோ வாங்குபவர் 80 வயதை எட்டும்போது அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதானால் முழுதாக நூறு சதவீதம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவியின் பிறந்த தேதி ஆவணத்தில் சரியாகப் பதியாவிட்டால் இது தொடங்காமலே இருந்துவிடக்கூடும். சான்று எடுக்கும் நாளில் பாஸ்புக்கையும் எடுத்துவைத்து ஒருமுறை பாருங்கள். பெரியம்மாவின் பாஸ்புக்கில் பார்த்தோம், 80-ல் கூடியிருந்தது. 85-க்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அந்த மாதத்தையும், அடுத்த சான்றுக்கு அக்டோபர் 1 என்ற தேதியையும் மாத்திரை டப்பாவின் மூடிக்குள் தாளில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார். தினம் காலையில் திறக்கும் டப்பா அது.